கைக்கு எட்டும் வேட்டை: தெர்மல் ஸ்கோப் காலத்தில் ஒரு பழைய சோதனை

மன்னார்குடியிலிருந்து தஞ்சாவூர் செல்லும் சாலையில் ஏறத்தாழ 14 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது வடுவூர் ஏரி. காவிரிப் பாசனத்தைச் சார்ந்த ஏரி அது. கால்வாய்களில் தண்ணீர் வந்து ஏரி நிரம்பியதும், வடகிழக்குப் பருவமழையை ஒட்டிப் பறவைகள் வந்து இறங்குகின்றன. நத்தைகுத்தி நாரை, அரிவாள்மூக்கன், கரண்டிவாயன், மடையான், நீர்க்காகம் ஆகியவற்றோடு வடதிசைக் குளிர்நாடுகளிலிருந்து வரும் ஊசிவால் வாத்துகளும் இங்கே தங்குகின்றன. 1999இல் இது பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2022இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த சதுப்புநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. நம் திருவாரூர் மாவட்டத்து உதயமார்த்தாண்டபுரம் சரணாலயமும் அதே ஆண்டில் அப்பட்டியலில் சேர்ந்தது. தெற்கே முத்துப்பேட்டை அலையாத்திக் காடும், கடலோரத்தில் கோடியக்கரையும் இந்தப் பறவைகளின் பிற தங்குமிடங்கள்.

பகலில் வயல்களில் இரை தேடும் இப்பறவைகள் பொழுது சாய்ந்ததும் ஏரிக்குள் நிற்கும் கருவேல மரங்களில் அடைகின்றன. கண்ணி வைப்பவனிடமிருந்தும் கவண்கல்லிலிருந்தும் துப்பாக்கியிலிருந்தும் அவற்றை நெடுங்காலம் காத்துவந்தது இருள்தான். டார்ச் விளக்கின் ஒளியில் முயலையும் கொக்கையும் திகைக்கவைத்துப் பிடிக்கும் வழக்கம் வந்தபோது அந்தக் காவலில் முதல் விரிசல் விழுந்தது. இப்போது விளக்கே தேவைப்படாத கருவி ஒன்று உலகெங்கும் விற்பனையில் இருக்கிறது. துப்பாக்கியின் மேல் பொருத்தப்படும் தெர்மல் ஸ்கோப், உயிரினத்தின் உடல் வெப்பத்தையே படமாக்கிக் காட்டுகிறது. வெளிநாட்டு வேட்டைக் காட்சிகள் நம் பிள்ளைகளின் கைப்பேசியில் ஓடுகின்றன. அவற்றைப் பார்த்துவிட்டு, "வேட்டை ஹலால்தானே, இதில் என்ன தவறு?" என்று வீட்டில் ஒரு பிள்ளை கேட்டால் நாம் என்ன விடை சொல்வது? அந்த விடையைத் தேடியே வேட்டையின் வரலாற்றையும் அதற்கு மார்க்கம் வகுத்த வரம்பையும் இங்கே சேர்த்துப் பார்க்கிறோம்.

வெப்பத்தைக் காணும் கண் பிறந்த வரலாறு

1800ஆம் ஆண்டில் வில்லியம் ஹெர்ஷல் என்ற வானியல் அறிஞர் சூரிய ஒளியை முப்பட்டகக் கண்ணாடி வழியே வண்ணங்களாகப் பிரித்து, ஒவ்வொரு வண்ணத்திலும் வெப்பமானியை வைத்துப் பார்த்தார். சிவப்பு முடிந்து ஒளியே தெரியாத இடத்திலும் வெப்பமானி ஏறியது. கண்ணுக்குத் தெரியாத அந்தக் கதிரையே இன்று அகச்சிவப்புக் கதிர் என்கிறோம். வெப்பமுள்ள ஒவ்வொரு பொருளும் இக்கதிரை வெளியிட்டுக்கொண்டே இருக்கிறது. மனிதன், மாடு, பறவை ஆகிய வெதுவெதுப்பான உடல்களிலிருந்து வருவது பெரும்பாலும் 8 முதல் 14 மைக்ரோமீட்டர் அலைநீளம் கொண்டது. சாதாரணக் கண்ணாடி அதை ஊடுருவ விடாது. ஆகவே தெர்மல் ஸ்கோப்பின் வில்லை ஜெர்மேனியம் என்ற தனிமத்தால் செய்யப்படுகிறது. அதன் பின்னால் உள்ள நுண்ணிய உணரிகள் வெப்ப வேறுபாட்டை அளந்து, குளிர்ந்த பின்புலத்தில் வெப்பமான உடலை வெண்மையாகக் காட்டுகின்றன.

இந்தக் கலை போர்க்களத்தில் வளர்ந்தது. 1945இல் ஒகினாவா போரில் அமெரிக்கப் படையினர் அகச்சிவப்பு விளக்கு பொருத்திய துப்பாக்கிகளைக் கொண்டு இரவில் குறிவைத்தனர். அந்தக் கருவிக்குத் தனி விளக்கு வேண்டியிருந்தது. உடலின் வெப்பத்தை மட்டுமே கொண்டு படம் காட்டும் சிறிய உணரிகள் 1980களில் அமெரிக்காவில் ராணுவ இரகசியமாக உருவாயின. 1990களின் தொடக்கத்தில் இரகசியத் தடை நீங்கியதும் அவை தீயணைப்பு, தொழிற்சாலை, மருத்துவம் ஆகிய துறைகளுக்கு வந்தன. பின்னர் விலை குறையக் குறைய வேட்டைக்காரர்களின் கைக்கும் வந்துசேர்ந்தன. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் பயிரை அழிக்கும் காட்டுப்பன்றிகளை இரவில் சுடுவதற்கு இவை பெருமளவில் பயன்படுகின்றன.

குறிபார்த்துச் சுடும் கலைக்கும் நம் போன்ற வயல்நாட்டுப் பறவைக்கும் ஒரு பழைய தொடர்பு உண்டு. மறைந்திருந்து சுடுபவனை ஆங்கிலத்தில் ஸ்னைப்பர் என்கிறார்கள். ஸ்னைப் என்பது சேற்றுவயலில் இரைதேடும் உள்ளான். நெளிந்து நெளிந்து பறக்கும் அதைச் சுட்டு வீழ்த்துவது அரிது. 1770களில் இந்தியாவிலிருந்த ஆங்கிலப் படை அதிகாரிகள் ஊருக்கு எழுதிய கடிதங்களில் உள்ளான் வேட்டையைக் குறித்த சொல்லே பிற்காலத்தில் போர்க்களச் சொல்லாக மாறியது.

துப்பாக்கிக்கு எதிராக நின்ற ஊர்

ஆங்கிலப் படையினரின் பறவை வேட்டையை நம் மக்கள் பேசாமல் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. செங்கல்பட்டுப் பகுதியிலுள்ள வேடந்தாங்கலில் படைவீரர்கள் ஏரிப் பறவைகளைச் சுடத் தொடங்கியபோது ஊர்மக்கள் கலெக்டர் லயனல் பிளேஸிடம் முறையிட்டனர். பறவைகளின் எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்பது அவர்கள் அனுபவத்தில் கண்ட உண்மை. 1798இல் அந்த ஏரியில் பறவைகளைச் சுடக் கூடாது என்று கௌல், அதாவது எழுத்துமூலமான உறுதிச்சீட்டு, வழங்கப்பட்டது. துப்பாக்கியின் வீச்சு பெருகியபோது, ஏரியை நம்பி வாழ்ந்த உழவர்களே அதற்கு வரம்பு கேட்டுப் பெற்ற வரலாறு இது.

பிற்காலத்தில் அந்த வரம்பு நாடு முழுவதற்குமான சட்டமாயிற்று. 1887இலும் 1912இலும் பறவைகளையும் காட்டு விலங்குகளையும் பற்றி ஆங்கில அரசு சட்டங்கள் இயற்றியது. விடுதலைக்குப் பின் வந்த 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. 1991இல் செய்யப்பட்ட திருத்தம், உரிமம் பெற்று வேட்டையாடும் வழியையும் அடைத்தது. கொல்வது மட்டும் வேட்டை என்று இச்சட்டம் கொள்ளவில்லை. பிடிப்பது, கண்ணி வைப்பது, விரட்டுவது, முட்டையையும் கூட்டையும் அழிப்பது ஆகியனவும் அதில் வேட்டையே. 2022ஆம் ஆண்டின் திருத்தம் அபராதத் தொகைகளை உயர்த்தியது. எனவே வடுவூரிலோ முத்துப்பேட்டையிலோ ஒருவர் கொக்கையோ காட்டு வாத்தையோ சுட்டால், தெர்மல் ஸ்கோப் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது குற்றம்.

"சட்டம் அரசுடையது, மார்க்கத்தில் அனுமதி இருக்கிறதே" என்று சிலர் வாதிடுவதுண்டு. அவர்கள் அல்மாயிதா அத்தியாயத்தின் முதல் வசனத்தைக் கவனிக்க வேண்டும். இறைநம்பிக்கையாளர்கள் தாம் ஏற்ற உடன்படிக்கைகளை நிறைவேற்ற வேண்டும் என்ற கட்டளையோடு அது தொடங்குகிறது. அதே வசனத்தில்தான் இஹ்ராம் நிலையில் வேட்டையை ஆகுமாக்கிக்கொள்ளலாகாது என்ற வரம்பும் வருகிறது. உடன்படிக்கையும் வேட்டையின் வரம்பும் ஒரே வசனத்தில் அருகருகே நிற்கின்றன. இந்நாட்டின் குடிமக்களாக வாழும் நாம், பொதுநலனுக்காக ஆக்கப்பட்டதும் நம் எந்தக் கடமைக்கும் குறுக்கே நில்லாததுமான ஒரு சட்டத்தை மீறிவிட்டு, அந்த இறைச்சியை மார்க்கத்தின் பெயரால் நியாயப்படுத்துவது முறையாகாது.

ஹுதைபிய்யாவில் வந்த சோதனை

அதே அத்தியாயத்தின் 94ஆம் வசனம் நம் பொருளுக்கு மிக நெருக்கமானது. கைகளும் ஈட்டிகளும் எட்டக்கூடிய வேட்டைப்பிராணிகளைக் கொண்டு அல்லாஹ் நம்பிக்கையாளர்களைச் சோதிப்பான் என்றும், மறைவில் அவனை அஞ்சுபவர் யார் என்பது அதன்மூலம் வெளிப்படும் என்றும் அவ்வசனம் உணர்த்துகிறது. ஹிஜ்ரி 6ஆம் ஆண்டில் நபி (ஸல்) அவர்களும் தோழர்களும் உம்ராவுக்காக இஹ்ராம் அணிந்து ஹுதைபிய்யாவில் தங்கியிருந்த சூழலில் இது அருளப்பட்டதாக விரிவுரையாளர்கள் குறிப்பிடுகின்றனர். வழக்கமாக மனிதரைக் கண்டு ஓடும் விலங்குகளும் பறவைகளும் அன்று கூடாரங்களுக்கு அருகிலேயே வந்து நின்றன. கையை நீட்டினால் பிடித்துவிடலாம். தோழர்கள் கையை நீட்டவில்லை.

இதற்கு மாறான ஒரு கூட்டத்தைப் பற்றி அல்அஃராஃப் அத்தியாயம் 163ஆம் வசனம் கூறுகிறது. கடற்கரையில் வாழ்ந்த அம்மக்களுக்குச் சனிக்கிழமை மீன்பிடிப்பது விலக்கப்பட்டிருந்தது. அந்த நாளில்தான் மீன்கள் நீரின் மேற்பரப்பில் திரண்டு வந்தன. மற்ற நாட்களில் வரவில்லை. முந்தைய நாளே வலை விரித்தும் குழி தோண்டியும் தந்திரமாகப் பிடித்தார்கள் என்று விரிவுரைகளில் காண்கிறோம். இரு கூட்டத்தாருக்கும் வந்த சோதனை ஒன்றுதான். இரை எளிதாக எட்டியபோது ஒரு கூட்டம் கையை அடக்கியது. மற்றொன்று தந்திரத்தை நாடியது.

வேட்டையின் வரலாறு முழுவதும் "எட்டும் தூரம்" நீண்டுகொண்டே வந்த வரலாறுதான். கை எட்டியது, ஈட்டி எட்டியது, அம்பு எட்டியது, பிறகு குண்டு எட்டியது. ஆனாலும் பிராணிக்கு ஓட்டம் இருந்தது, மறைவு இருந்தது, எல்லாவற்றுக்கும் மேலாக இரவு இருந்தது. தெர்மல் ஸ்கோப் அந்த இரவையும் எடுத்துக்கொள்கிறது. கருவேல மரத்தில் தலையைச் சிறகுக்குள் புதைத்து உறங்கும் மடையான், நள்ளிரவில் ஒரு வெண்புள்ளியாகக் கண்ணாடிக்குள் தெரிகிறது. ஹுதைபிய்யாவில் இரை தானாக அருகில் வந்தது. இன்று கருவி அதை அருகில் கொண்டுவருகிறது. அங்கே பார்ப்பவர் யாருமில்லை. மறைவில் அஞ்சுபவர் யார் என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

வேட்டைக்கு வகுக்கப்பட்ட ஒழுங்கு

இஸ்லாம் வேட்டையை முற்றாக விலக்கவில்லை. பாலைவன வாழ்வில் அது உணவுக்கான வழி. ஆனால் அதற்கு நுணுக்கமான ஒழுங்கை வகுத்தது. தைய் குலத்தைச் சேர்ந்த அதீ பின் ஹாதிம் (ரலி) அவர்கள் வேட்டையைப் பற்றி நபி (ஸல்) அவர்களிடம் பல கேள்விகள் கேட்டார்கள். அந்த விடைகள் புகாரி, முஸ்லிம் ஆகிய தொகுப்புகளில் உள்ளன. அம்பை எய்யும்போது அல்லாஹ்வின் பெயரைக் கூற வேண்டும். கூர்முனை துளைத்துக் கொன்றதை உண்ணலாம். மொட்டையான பக்கம் அடித்துக் கொன்றதை உண்ணலாகாது. அடிபட்ட பிராணி தண்ணீருக்குள் இறந்து கிடந்தால் அதையும் உண்ணலாகாது. அதைக் கொன்றது அம்பா தண்ணீரா என்பது தெரியாதல்லவா? காயமே உயிரைப் போக்கியது என்பது தெளிவானால் விதி வேறு என்று ஃபிக்ஹு அறிஞர்கள் விளக்கினாலும், ஐயம் உள்ள இடத்தில் கையை எடுத்துக்கொள்வதே இதன் அடிப்படை.

துப்பாக்கி வந்தபோது இந்த ஒழுங்கு புதிய விவாதத்தைத் தோற்றுவித்தது. குண்டு துளைக்கிறதா, அடித்துக் கொல்கிறதா? 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் திமிஷ்கில் வாழ்ந்த ஹனஃபி அறிஞர் இப்னு ஆபிதீன், ஈயக் குண்டுக்குக் கூர்முனை இல்லை என்பதால் அதனால் இறந்தது ஆகாது என்றார். ஏறத்தாழ அதே காலத்தில் யமனில் வாழ்ந்த ஷவ்கானீ, குண்டு துளைத்துச் செல்கிறது என்பதால் ஆகும் என்றார். ஷாஃபிஈ, ஹனஃபி ஆகிய இரு மத்ஹபுகளையும் பின்பற்றுவோர் வாழும் நம் டெல்டாவில், குண்டடிபட்ட பறவையை உயிரோடு பிடித்து முறைப்படி அறுத்தால்தான் உண்ணலாம் என்று பெரியோர் வலியுறுத்துவதற்கு இந்த விவாதமே பின்னணி.

இந்த ஒழுங்கை வடுவூர் ஏரிக்குப் பொருத்திப் பாருங்கள். நள்ளிரவில் நூறு மீட்டருக்கு அப்பால் சுடப்படும் பறவை ஏரியின் தண்ணீரில் விழும். அது குண்டால் இறந்ததா, மூழ்கி இறந்ததா என்பதைச் சுட்டவர் அறியமாட்டார். உயிர் இருக்கும்போதே கத்தியோடு சென்று சேர்வதும் அரிது. காயத்தோடு கோரைப்புல்லுக்குள் ஒதுங்கி, யாருக்கும் உணவாகாமல் இறப்பவையும் இருக்கும். தெர்மல் ஸ்கோப் வெப்பத்தைக் காட்டும்; இறகின் நிறத்தையும் அலகின் வடிவையும் தெளிவாகக் காட்டாது. அது உண்ணத் தகுந்த பறவையா, கூரிய நகத்தால் வேட்டையாடுவதால் விலக்கப்பட்ட ஆந்தையா என்ற ஐயம் எஞ்சும். மன்னார்குடி வயல்களில் அந்த நேரத்தில் மடை பார்க்க வந்து குனிந்து நிற்கும் ஒரு விவசாயியும் அந்தக் கண்ணாடியில் வெறும் வெண்ணிற உருவமாகத்தான் தெரிவார். இதை எண்ணினாலே நெஞ்சு நடுங்குகிறது.

இரவு வேட்டை முழுவதையுமே மார்க்கம் தடுத்ததாக நாம் கூறவில்லை. பறவைகளை அவற்றின் இருப்பிடங்களிலேயே விட்டுவிடுங்கள் என்ற கருத்தில் அபூதாவூதில் வரும் ஹதீஸ், பறவையை எழுப்பிச் சகுனம் பார்க்கும் வழக்கத்தைக் கண்டித்தது என்றே இமாம் ஷாஃபிஈ (ரஹ்) விளக்கினார்கள். நம் கவலை பொழுதைப் பற்றியதன்று, நோக்கத்தைப் பற்றியது. உயிருள்ள ஒன்றை வெறும் குறியாக வைத்துச் சுடுவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். ஒரு பறவையைக் கட்டிவைத்து எய்து பழகிய குறைஷி இளைஞர்களை இப்னு உமர் (ரலி) அவர்கள் கண்டித்த செய்தி முஸ்லிமில் உள்ளது. வேட்டையின் பின்னாலேயே அலைபவன் பராமுகமாகிவிடுவான் என்ற எச்சரிக்கையும் ஹதீஸ் தொகுப்புகளில் உண்டு. காட்சிப்படம் எடுத்துப் பிறரிடம் காட்டுவதற்காகச் சுடுபவருக்கு இந்த மூன்றும் பொருந்தும்.

எட்டியதை விட்டவர்கள்

சரணாலயம் என்ற கருத்தும் நமக்குப் புதியதன்று. மதீனாவின் இரு கருங்கல் பூமிகளுக்கு இடைப்பட்ட நிலத்தை நபி (ஸல்) அவர்கள் புனித எல்லையாக அறிவித்து, அங்கே வேட்டைப்பிராணிகளை விரட்டுவதையும் தடுத்தார்கள். அங்கே மான்கள் மேய்வதைக் கண்டால் அவற்றை வெருட்டக்கூட மாட்டேன் என்ற கருத்தை அபூஹுரைரா (ரலி) அவர்கள் கூறியுள்ளார்கள். வடுவூர் ஏரிக்கு ஹரம் எல்லையின் புனிதம் உண்டு என்று நாம் சொல்லவில்லை. ஓர் எல்லைக்குள் நுழைந்த உயிருக்கு அடைக்கலம் தரும் பண்பை நாம் எங்கே கற்றோம் என்பதையே நினைவூட்டுகிறோம்.

பிற்கால முஸ்லிம் ஆட்சியாளர்களில் வேட்டையில் மூழ்கியோரும் உண்டு. முகலாயப் பேரரசர் ஜஹாங்கீர், தம் 50 வயது வரை தாமே கொன்ற பிராணிகள் 17,167 என்று தம் நினைவுக் குறிப்புகளில் கணக்கெழுதினார். அவரே பின்னர், பேரன் ஷுஜா நோயுற்றபோது, துப்பாக்கியால் வேட்டையாடுவதைக் கைவிடுவதாக நேர்ந்துகொண்டார். அமீரகத்தின் முதல் அதிபர் ஷேக் ஸாயித், இளமையில் துப்பாக்கியோடு மான் வேட்டைக்குச் சென்ற ஒரு நாளில், இந்தக் கருவி இருந்தால் மான் இனமே அழிந்துவிடும் என்று உணர்ந்து, அதன்பின் வேட்டையை இராஜாளியோடு நிறுத்திக்கொண்டதாக எழுதியிருக்கிறார். நம் சகோதரர்கள் பலர் பணிபுரியும் அந்நாட்டில் வேட்டைக்குச் சட்டக் கட்டுப்பாடுகள் இன்றும் உள்ளன.

பம்பாயில் ஒரு முஸ்லிம் குடும்பத்தில் பிறந்த சாலிம் அலி, 1908இல், சிறுவனாக இருந்தபோது, விளையாட்டுத் துப்பாக்கியால் ஒரு குருவியைச் சுட்டார். அதன் கழுத்தில் மஞ்சள் நிறத் திட்டு இருந்தது. அது என்ன பறவை என்று அறிய பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்திற்கு எடுத்துச் சென்றார். அந்த ஒரு கேள்வியே அவரை நாட்டின் முதன்மையான பறவையியல் அறிஞராக்கியது. அதே கழகத்தார்தான் 1980களில் நம் கோடியக்கரையில் வலசைப் பறவைகளைப் பிடித்து, காலில் வளையமிட்டு, மீண்டும் பறக்கவிட்டு ஆராய்ந்தனர். பறவை கைக்கு எட்டிய பின்னும் அதை வானத்திற்குத் திருப்பித் தந்த பணி அது.

நம் வீட்டில் சொல்ல வேண்டியது

கருவி குற்றமுடையதன்று. 2024 பிப்ரவரியில் கோவை மதுக்கரையில் ரயில் தண்டவாளத்தைக் கடக்கும் யானைகளை இரவில் கண்டறிந்து ரயிலை எச்சரிக்க, தெர்மல் கேமராக்கள் கொண்ட கண்காணிப்பு முறையை வனத்துறை தொடங்கியது. உயிரின் வெப்பத்தைக் காணும் அதே கண், அங்கே உயிரைக் காக்க விழித்திருக்கிறது. காட்டுப்பன்றி பயிரை அழித்தாலும் தாமே துப்பாக்கி எடுக்காமல் வனத்துறையிடம் முறையிடுவதே விவசாயிக்குரிய வழி.

ஆகவே பிள்ளை கேட்கும்போது, "வேட்டை ஹலால்" என்ற பாதி விடையோடு நிறுத்திவிடக் கூடாது. தேவைக்காக, தெளிவோடு, எல்லைக்குள், இறைநாமத்தோடு செய்யப்படும் வேட்டையே ஆகுமாக்கப்பட்டது என்ற முழு விடையையும் சொல்ல வேண்டும். கூடவே, யாரேனும் கொக்கு இறைச்சியோ காட்டு வாத்து இறைச்சியோ விற்க வந்தால் நம் வீட்டு அடுப்பில் அதற்கு இடமில்லை என்பதையும் உறுதியாக்க வேண்டும். வாங்குபவர் இல்லையென்றால் இரவில் ஏரிக்குச் செல்பவரும் குறைவர். விடுமுறையில் பிள்ளைகளை வடுவூருக்கு அழைத்துச் சென்று, மாலையில் பறவைகள் அடையும் காட்சியைக் காட்டுவோம். ஹுதைபிய்யாவில் தோழர்கள் நீட்டாமல் வைத்த கைகளைப் பற்றி அங்கே சொல்லிக் கொடுப்போம்.

யாரும் காணாத இருளிலும் தன்னை அஞ்சி நடப்போராக அல்லாஹ் நம்மையும் நம் சந்ததிகளையும் ஆக்குவானாக. ஆமீன்.